ஆறாவது கை

கிளம்பியது ஐந்து வண்டி. கை தூக்கியது ஆறு பேர்.

வர்ஜில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினான். முதலில் வந்தது ரஸ்ஸலின் மஞ்சள் வண்டி. தூசிக்கு முன்னால் ஓடி வந்ததால் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதன் பின்னால் ஏரித்தரையே கிளம்பி எழுந்தது போல வெள்ளைத் தூசி, அந்தத் தூசிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்த உருவங்கள், ஒவ்வொன்றும் எல்லைப் பீப்பாய்களைத் தாண்டி வேகம் தணிந்து இடப்பக்கம் ஒடித்துத் திரும்பும்போது ஒரு கை மேலே போனது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம் மற்றவர்களை விட்டுத் தள்ளி, கானல் தண்ணீராய்ப் பளபளத்த இடத்தின் ஓரத்தில் இன்னொரு கை. மற்றவர்கள் தூக்கிய கையை உடனே இறக்கிவிட்டார்கள். அந்தக் கை இறங்கவில்லை.

தூசி நகர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

வெயில்தான் வேலையைக் காட்டுகிறது என்று வர்ஜில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மணி ஆறரைகூட ஆகவில்லை, சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது, ஏரித்தரை இன்னும் ராத்திரிக் குளிரோடு கிடந்தது. அந்த நேரத்தில் கானல் எப்படி வரும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. தன் லாரியிலிருந்து கழற்றி வைத்திருந்த பக்கக் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து இரண்டு முறை மின்னவிட்டான்.

அந்த இரண்டு மின்னல்தான் அவன் வேலை. சான்டோஸ் ஏரியில் தண்ணீர் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது அது பத்து மைல் நீளத்துக்கு வெடித்துக் காய்ந்த களிமண், தோசைக்கல் மாதிரி சமதளம். மாதத்தில் ஒரு ஞாயிறு லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து பையன்கள் பழைய வண்டிகளை மட்கார்டு, கூரை, விளக்கு எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுக் கொண்டுவந்து இங்கே பறக்கவிடுவார்கள். ஒரு வரிசைக்கு ஐந்து பேர். முன்னால் போகிறவனுக்குத்தான் பாதை தெரியும். பின்னால் வருகிறவனுக்கு முன்னவன் கிளப்பிய தூசி மட்டும்தான் தெரியும். பயந்து காலை எடுத்தால் பின்னால் வருகிறவன் முதுகில் ஏறிவிடுவான் என்பதால் யாரும் காலை எடுப்பதில்லை. நடுவில் ஒருத்தன் வண்டி நின்றுபோனால், இரண்டு மைல் தள்ளிக் கிழக்கே கிளம்புமிடத்தில் காத்திருக்கிற அடுத்த வரிசைக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். கொடி ஆட்டி விடுகிற வால்டோ, எத்தனை வண்டி விட்டான் என்பதைக் கண்ணாடியால் மின்னிக் காட்டுவான். மறுகோடியில் வர்ஜில், எல்லையைத் தாண்டுகிறவர்கள் தூக்கும் கைகளை எண்ணுவான். கணக்கு ஒத்துப்போனால் இரண்டு மின்னல். அது வந்தால்தான் அடுத்த வரிசை கிளம்பும். வராவிட்டால் வால்டோ மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பித் தேடுவான். வாரம் முழுக்க ரொட்டி வண்டி ஓட்டுகிற வர்ஜிலுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மரியாதை இருந்தது. பையன்கள் அவனைக் கழுகு என்றார்கள்.

போன மாதம், நாலாவது வரிசையில், மைலோவின் வண்டி நடுவில் நின்றுபோனது. வர்ஜிலின் கண்ணாடி இரண்டு முறை மின்னியது. ஐந்தாவது வரிசை கிளம்பியது.

அன்று மத்தியானம் எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கேட்டபோது, வர்ஜில் கூசாமல் சொன்னான். "அஞ்சு கை பாத்தேன். மைலோ கையும் பாத்தேன்." அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியை மற்றவர்களே கட்டிக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டிக் கை தூக்கியவன் நடுப்பாதையில் எப்படிக் கிடப்பான்? கிளம்புமிடத்துக்கு ஓரமாகச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டுக் குறுக்கே திரும்பியிருக்கிறான், வேறென்ன. எவனும் செய்யக்கூடாத முட்டாள்தனத்தைச் செய்து செத்தான் என்று மைலோவின் பெயரில் எழுதி முடித்தார்கள். செத்தவன் மறுத்துப் பேசவா போகிறான்.

இன்று விடிவதற்கு முன்னால், அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தபோது, மைலோவின் தம்பி லெஸ்டர் வந்து பக்கத்தில் குந்தினான். அண்ணனின் நொறுங்கிய வண்டியிலிருந்து என்ஜினை மட்டும் பிரித்தெடுத்துத் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"வர்ஜில் அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுடா."

"எங்கண்ணன் குறுக்க திரும்புற ஆளா? சாப்பாட்டு மேசையில எட்டி உப்பு எடுத்தாலே, உன் முறை வரட்டும் இருடான்னு கையில தட்டுறவன்."

வர்ஜில் கரண்டியால் அடுப்பைக் கிளறினான். கிளற அங்கே ஒன்றும் இல்லை.

"அம்மா அவன் போட்டோவ சொவத்துப் பக்கமா திருப்பி வெச்சிருக்குது. இப்படி அறிவுகெட்டுப் போய் செத்தானேன்னு கோவம். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீங்க நெசமாவே அவன் கையப் பாத்தீங்களாண்ணே?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் யாரும் இல்லை, இருட்டுகூட இன்னும் முழுசாகப் போகவில்லை, முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

"பாத்தேன்டா."

"அப்ப சரிண்ணே. நீங்க பாத்தா பாத்ததுதான்." லெஸ்டர் எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். "நாலாவது வரிசையில வர்றேன். நல்லா எண்ணுங்க."

இரண்டாவது வரிசையில் ஒரு வண்டி கிளம்பும்போதே மக்கர் செய்துவிட்டது போலிருக்கிறது. கிழக்கே நான்கு மின்னல்தான் வந்தது. வர்ஜில் எழுந்து நின்றுகொண்டான். முதலில் தரை நடுங்கியது, அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, தூரத்தில் துணி கிழிவது போல ஆரம்பித்து, காதை அடைத்து, நெஞ்சுக்குழிக்குள் புகுந்து, என்ஜினுக்கு ஊற்றுகிற விளக்கெண்ணெய் எரிந்த வாடையோடு அவனைக் கடந்து போனது. தூசி பல்லில் நறநறத்தது. உப்பும் சோடாவும் கலந்த அந்தக் கசப்பு நாக்கின் அடிவரை இறங்கியது. அவன் கண்ணைச் சிமிட்டாமல், விரலை மடக்கி மடக்கி எண்ணினான்.

ஐந்து.

இந்த முறை அது கொஞ்சம் கிட்டே இருந்தது. வண்டி என்று சொல்ல ஒரு கறுப்பு, அதற்குக் கீழே சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில் வெறும் பளபளப்பு, மேலே நேராக நிமிர்ந்த ஒரு கை. மற்ற வண்டிகளுக்குப் பின்னால் தூசி வால் இருந்தது. அதற்கு இல்லை. உருண்டு வந்து நின்றது போல நின்றது. பார்க்கப் பார்க்க மெலிந்து, காற்றோடு போயிற்று.

ஓரமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த ரஸ்ஸலை வர்ஜில் கைதட்டி நிறுத்தினான். "மொத வரிசையில நீங்க எத்தன பேருடா?"

"அஞ்சு. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"கழுகுக்கே கண்ணு போச்சா?" என்று சிரித்துவிட்டு ரஸ்ஸல் போய்விட்டான். அவன் சிரிப்பு போனபிறகு ஏரி முன்னைவிட அமைதியாகிவிட்டது. காற்று துளியும் இல்லை. கிளம்பிய தூசி கீழே இறங்காமல், அவரவர் விட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வர்ஜிலுக்கு முதுகுப்பக்கம் சட்டை நனைந்து ஒட்டியது. வெயிலால் அல்ல.

மூன்றாவது வரிசை. ஐந்து மின்னல். ஆறு கை. வர்ஜில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தக் கை இப்போது பீப்பாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை தெரிந்தது. விரல்கள் விரிந்து, வாத்தியார் தன்னைப் பார்க்க வேண்டும் என்று கை தூக்குகிற பிள்ளையைப் போல, உடம்பே கையோடு சேர்ந்து எம்பியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும் நெளிந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பார்த்தேன், பார்த்தேன் என்று அவன் எந்தக் கையைச் சொன்னானோ, அந்தக் கை. அவன் வாயால் சொல்லி உண்டாக்கிய கை. அதுதான் இப்போது அவன் கண்முன் நீண்டு நிற்கிறது.

அது மறையும் வரை காத்திருந்து, இரண்டு முறை மின்னினான். பிறகு தன் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

சற்று நேரத்தில் வால்டோவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஐம்பதைத் தாண்டிய கனத்த மனுஷன், கழுத்தில் ஈரத் துண்டு. "என்னப்பா, மின்னுறதுக்கு இவ்ளோ நேரம்? பத்து மணிக்குக் காத்து கெளம்பிடும், பசங்க கத்துறானுங்க."

"கண்ணுல தூசி விழுந்துடுச்சு."

வால்டோ அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போடுறேன். கண்ணு சரியில்லாதவன இங்க வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தலையை ஆட்டினால் போதும். லாரியில் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கண் சரியில்லை என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், போன மாதம் கண் எப்படி இருந்தது என்று நாளைக்குக் கேட்பார்கள். அந்தக் கேள்வி லெஸ்டரின் வீட்டு வாசல் வரை போகும்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றான் வர்ஜில்.

"அப்ப சரி," என்று வால்டோ வண்டியைத் திருப்பினான். "அடுத்த வரிசையில மைலோ தம்பி வர்றான். பாத்துக்க."

நாலாவது வரிசை.

கிழக்கே ஐந்து மின்னல். வர்ஜில் தானும் வாய்விட்டு எண்ணினான், ஒன்று விடாமல். ஐந்தேதான். தரை நடுங்கியது. சத்தம் வந்தது. நடுவில் எங்கோ அந்தச் சத்தத்தில் ஒரு இழை அறுந்தது போலிருந்தது, ஆனால் என்ஜின்களின் இரைச்சலில் அது நிஜமா பிரமையா என்று பிடிபடவில்லை. முதல் வண்டி தாண்டியது. கை. அடுத்தது. கை. தூசி மேலே கவிந்தது. மூன்று. நான்கு. ஐந்து.

ஐந்து.

ஆறாவது இல்லை. கண்ணை இடமும் வலமும் ஓட்டினான். இல்லவே இல்லை. ஐந்துக்கு ஐந்து. போன உயிர் திரும்பி வந்தது. முட்டாள்தனமாகச் சிரிப்புகூட வந்தது. வெயில்தான், தூக்கமில்லாத ராத்திரிதான், வேறொன்றும் இல்லை. கண்ணாடியைத் தூக்கினான்.

பாதி தூக்கிய கை நின்றது.

காலையிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று கூடுதல்.

அவன் மறுபடி பார்த்தான். நான்கு வண்டிகள் திரும்பி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. பீப்பாயைத் தாண்டி ஒன்று நின்றது. தூசி வால் இல்லாதது. கை இன்னும் மேலேயே இருந்தது.

வர்ஜில் மின்னவில்லை. கிழக்கே வால்டோவின் கண்ணாடி படபடவென்று மின்னியது, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று. மின்னட்டும். இங்கிருந்து இரண்டு மின்னல் போகாதவரை அங்கே ஒரு சக்கரம் உருளாது. இப்படியே விட்டாலும் ஆள் அனுப்புவார்கள், ஆனால் அவர்கள் தடவித் தடவி வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். கண்ணாடியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவன் ஓடினான். லாரியை எடுக்கவில்லை. எடுத்தால், தூசிக்குள் கிடப்பவன் மேலேயே ஏற்றிவிடுவான். பீப்பாய்க்கு அருகே இருந்த அதன் பக்கம் தலையைத் திருப்பாமல், தரையில் பதிந்த டயர் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு தூசிக்குள் நுழைந்தான்.

உள்ளே வெளிச்சம் இருந்தது, ஆனால் எந்தப் பக்கமும் எதுவும் இல்லை. பால் கலந்த தண்ணீருக்குள் இறங்கியது மாதிரி. தன் கால் அவனுக்கே தெரியவில்லை. சொந்த மூச்சு பக்கத்தில் யாரோ இளைப்பது போலக் கேட்டது. அரை மைல் இருக்கும். விளக்கெண்ணெய் வாடை திடீரென்று கெட்டியானது, அதோடு சூடான இரும்பும் சிந்திய பெட்ரோலும்.

"யாரு அது?"

லெஸ்டரின் குரல். தரைமட்டத்திலிருந்து வந்தது.

வண்டி ஒருபக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரம் இறுகிப்போய் வண்டி சுழன்றடித்திருக்கிறது. லெஸ்டர் பாதி வெளியே இருந்தான். இடது கால் தொடை வரை வண்டியின் விளிம்புக்கு அடியில். முகம் முழுக்க வெள்ளைத் தூசி, அதில் கண் இரண்டும் மட்டும்.

"கால் மாட்டிக்கிச்சுண்ணே. வலி ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்கு."

வர்ஜில் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். கை பொரிந்தது. வண்டி ஒரு விரல்கடை எழுந்து திரும்ப உட்கார்ந்தது. லெஸ்டர் பல்லைக் கடித்தான். மறுபடி தூக்கினான். அசையவில்லை. இரண்டு ஆள் வேண்டும், மூன்று ஆள் வேண்டும். உதவி கேட்கலாம் என்று கண்ணாடியை எடுத்து மேலே நீட்டினான். தூசியில் சூரியன் வெறும் வெள்ளைக் கறை. கண்ணாடியில் ஒன்றும் பிடிக்கவில்லை.

"பரவாயில்லண்ணே," என்றான் லெஸ்டர். "நீங்கதான் எண்ணிட்டீங்களே. அடுத்தவனுங்க வரமாட்டானுங்க. ஆள் வர்ற வரைக்கும் உக்காருங்க."

அந்த நம்பிக்கையை வர்ஜிலால் தாங்க முடியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒரு மாதமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி கிடந்தது தானாக வெளியே வந்தது.

"நான் உங்கண்ணன் கையப் பாக்கலடா."

லெஸ்டர் அவன் பக்கம் தலையைத் திருப்பினான்.

"யார் கையையும் பாக்கல. எண்ணவே இல்ல. குனிஞ்சு காபி ஊத்திக்கிட்டிருந்தேன். சத்தம் தாண்டிப் போச்சு, அஞ்சு பேரும் வந்திருப்பானுங்கன்னு நெனச்சேன். தல நிமிராம கண்ணாடியத் தூக்கிக் காட்டிட்டேன். உங்கண்ணன் குறுக்க திரும்பல. அவன் நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, யாராவது எண்ணுவாங்கன்னு இருந்திருக்கான்."

லெஸ்டர் கை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்டா. இன்னிக்கே வர்றேன்."

அழுகை வந்தது வர்ஜிலுக்கு. பயம்கூட விட்டுவிட்டது போலிருந்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் வந்து தூக்குவார்கள், கால் போனாலும் உயிர் இருக்கும், அந்தப் போட்டோ இந்தப் பக்கம் திரும்பும்.

லெஸ்டரின் கன்னத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது.

உள்ளங்கை அகலம். கன்னத்திலிருந்து நகர்ந்து கவிழ்ந்த சக்கரத்தின் மேல் ஏறியது. அணைந்தது.

மறுபடி விழுந்தது.

இரண்டு முறை.

வர்ஜில் தன் கையைப் பார்த்தான். கண்ணாடி கையில்தான் இருந்தது.

மெதுவாகத் திரும்பினான். மேற்கே ஓரிடத்தில் தூசி மெலிந்திருந்தது. அதன் வழியே பீப்பாய்கள் தெரிந்தன. லாரி தெரிந்தது. லாரியின் படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். மைலோ அல்ல. மைலோவாக இருந்திருந்தால் பரவாயில்லை. கசங்கிய தொப்பி. இடதுபக்கம் சரிந்த தோள். வர்ஜில் போட்டிருந்த அதே ரொட்டிக் கம்பெனிச் சட்டை.

"அண்ணே." லெஸ்டரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தான். "நீங்க காட்டலதானே?"

"நான் காட்டலடா."

தரை நடுங்க ஆரம்பித்தது. முழங்காலில் தெரிந்தது முதலில். அதற்குப் பிறகுதான் கிழக்கே சத்தம், துணி கிழிவது போல.

வர்ஜில் கத்தினான். டேய் என்று கத்தினான். பாருடா, இங்க பாருடா என்று தொண்டை கிழியக் கத்தினான். தன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். அந்த ஆள் உயர்த்திய கண்ணாடியைக் கீழே வைத்தான். முழங்காலுக்கு நடுவில் குவளையை இடுக்கிக்கொண்டு, நிதானமாக, சிந்தாமல் ஊற்றினான். அரை மைல் தள்ளி, அந்தக் காபியிலிருந்து எழும் ஆவிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவன் தலை நிமிரவே இல்லை.